விண்டோஸ் எக்ஸ்பி: விடைபெறத் தாமதித்த ஓர் இயங்குதளம்

2015ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, ஆனைகட்டிப் பகுதியில் மரக்கிளைகளை முறித்து மின்கம்பிகளின் மேல் போட்டிருந்தது. மின்சாரம் நின்றது, வந்தது, மீண்டும் நின்றது. பேட்டரியும் ஓய்ந்துபோனதால் ஏ.டி.எம். இயந்திரம் முற்றிலும் அணைந்து, மின்சாரம் திரும்பியதும் மெல்ல உயிர்பெறத் தொடங்கியது. ஓய்வூதியத்தை எடுக்க வந்திருந்த முதியவர் ஒருவர், அட்டையைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்கியின் வழக்கமான முகப்புக்குப் பதிலாகக் கறுப்புத் திரை. அதன் நடுவில் நான்கு வண்ணக் கொடி. கீழே இடமிருந்து வலமாக ஓடும் மூன்று நீலக் கட்டங்கள்.

“ஏனுங் தம்பி, எம்பட பேரன் ஊட்ல வெச்சிருக்கற கம்ப்யூட்டர்லயும் இதே படந்தானுங்க வருது. அதும் இதும் ஒண்ணுங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா, ஏறக்குறைய ஒண்ணுதாங்க” என்றேன்.

அவர் அட்டையைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, “அப்ப நாளைக்கு வர்றனுங்க” என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். பேரனின் கணினி எத்தனை முறை கெட்டுப்போயிற்று என்பதை வீட்டில் கண்ணாரக் கண்டவர் அவர். அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. நான் சொன்ன விடையில்தான் பாதி குறைந்திருந்தது. மீதிப் பாதியை ஓர் இயங்குதளத்தின் வரலாற்றோடு சேர்த்துத்தான் சொல்ல இயலும். நான் வணிகவியல் படித்தவன், பொறியாளன் அல்லன். ஆயினும், கிளைகளில் இந்த இயந்திரங்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இரு குடும்பங்கள் ஒன்றாயின

கணினியின் பாகங்களையும், நாம் அதில் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். 1990களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு தனித்தனிக் குடும்பங்களாக இயங்குதளங்களை விற்றுவந்தது. வீடுகளுக்கான விண்டோஸ் 95, 98 ஆகியவை பழைய டாஸ் அடித்தளத்தின் மேல் எழுந்தவை. பார்க்க அழகியவை; ஆனால் ஒரு மென்பொருள் தடுமாறினால் கணினி முழுவதும் உறைந்துவிடும். அலுவலகங்களுக்கென 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. குடும்பமோ உறுதியானது, ஆனால் விலையும் தேவைகளும் அதிகம். இவ்விரண்டையும் ஒரே அடித்தளத்தில் இணைத்து 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்ததே விண்டோஸ் எக்ஸ்பி.

64 எம்.பி. நினைவகம் இருந்தாலே அது இயங்கும். 128 இருந்தால் நலம் என்று நிறுவனம் பரிந்துரைத்தது. இன்று நம் கையிலுள்ள எளிய கைபேசியின் நினைவகத்தோடு ஒப்பிட்டால் இது எத்துணைச் சிறிது என்பது விளங்கும். அதன் திரையில் விரிந்த பச்சைக் குன்றும் நீல வானமும் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். அது வரைந்த படம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அது 1996இல் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் சார்லஸ் ஓ’ரியர் என்ற ஒளிப்படக் கலைஞர் எடுத்த நிழற்படம். மழை பெய்து ஓய்ந்த நாளில் நம் அட்டப்பாடி மலைச் சரிவுகளைப் பார்ப்பவர்களுக்கு, அந்தப் படத்துக்காக அவ்வளவு தொலைவு போயிருக்க வேண்டுமா என்று தோன்றும்.

தமிழர்களுக்கு எக்ஸ்பி மற்றொரு வகையிலும் நெருக்கமானது. யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் வசதியும் ‘லதா’ என்னும் எழுத்துருவும் விண்டோஸ் 2000இல் அறிமுகமாகி, எக்ஸ்பி வழியாகவே இல்லந்தோறும் நுழைந்தன. ஆனால், அந்த வசதி தானாகக் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழிக்கான பகுதியைத் திறந்து, ஒரு கட்டத்தில் குறியிட்டு, கேட்கும்போது நிறுவல் குறுந்தகட்டைச் செருக வேண்டும். குறுந்தகடு இல்லாத வீடுகளிலும் கடைகளிலும் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகவே தெரிந்தது. கணினி வாங்கிய கடைக்காரரிடம் அந்தத் தகட்டை இரவல் கேட்டு நடந்தவர்கள் இதைப் படித்துப் புன்னகைக்கக் கூடும்.

பூட்டும் திருத்தமும்

வெளிவந்த தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்பியின் பாதுகாப்பு போற்றத்தக்கதாய் இருக்கவில்லை. 2003 ஆகஸ்டில் பரவிய ‘பிளாஸ்டர்’, 2004இல் பரவிய ‘சாசர்’ ஆகிய தீநிரல்கள், பயனர் எதையும் திறக்காமலேயே, இணையத்தில் இணைந்திருந்த ஒரே காரணத்தால் கணினிக்குள் புகுந்தன. ‘இன்னும் 60 விநாடிகளில் கணினி அணையும்’ என்ற அறிவிப்பு திரையில் தோன்றும், எண்கள் இறங்கிக்கொண்டே வரும், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். அதன் பின்னரே 2004 ஆகஸ்டில் ‘சர்வீஸ் பேக் 2’ என்னும் பெரிய திருத்தத் தொகுப்பு வெளிவந்தது. இணையவழி ஊடுருவலைத் தடுக்கும் ‘ஃபயர்வால்’ அதுமுதல் இயல்பாகவே இயங்கும் நிலையில் வைக்கப்பட்டது.

இங்கே திருத்தம் என்பது என்ன என்று சற்று நின்று பார்க்க வேண்டும். பின்வரும் கதை முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது.

கோடிக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளில் பிழைகள் இல்லாமல் இராது. அவற்றுள் சில, அந்நியர் நுழையக்கூடிய ஓட்டைகள். அவை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நிறுவனம் அதை அடைக்கும் திருத்தத்தை வெளியிடுகிறது. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் இதை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை என ஒழுங்குபடுத்தியது. ‘ஆதரவு முடிந்தது’ என்று ஓர் இயங்குதளத்தைப் பற்றிச் சொன்னால், அது மறுநாள் நின்றுவிடும் என்று பொருளன்று. முன்புபோலவே அது இயங்கும். திருத்தம் மட்டும் வராது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எக்ஸ்பியும் அதன் பின்வந்த விண்டோஸ் 7உம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே அச்சில் வார்த்த பூட்டுகளைப்போல, பல ஓட்டைகள் இரண்டுக்கும் பொது. புதிய பூட்டுக்குத் திருத்தம் வெளியாகும்போது, அந்தத் திருத்தத்தையே ஆராய்ந்து, பழைய பூட்டில் அதே ஓட்டை அடைபடாமல் இருப்பதைக் கயவர்கள் கண்டுகொள்கிறார்கள். ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கு, அதன் தம்பிக்கு வரும் ஒவ்வொரு மருந்தும் நஞ்சாகிறது. ஆண்டு ஆக ஆக ஆபத்து வளர்வது இதனால்தான்.

பணப்பெட்டகத்தின் மேலே ஒரு கணினி

சரி, வீட்டுக் கணினிக்கான மென்பொருள் ஏ.டி.எம்.முக்குள் ஏன் போயிற்று?

ஏ.டி.எம். இயந்திரத்தை இரண்டு பகுதிகளாகப் பார்க்கலாம். கீழே, எஃகுப் பெட்டகத்துக்குள் பணத்தாள் அடுக்கிய பெட்டிகள். மேலே, திரைக்குப் பின்னால், ஒரு சாதாரணக் கணினி. தொடக்கத்தில் இந்தக் கணினிகளில் பெரும்பாலும் இருந்தது ஓ.எஸ்./2 என்னும் இயங்குதளம். ஐ.பி.எம்.மும் மைக்ரோசாஃப்டும் கூட்டாக உருவாக்கி 1987இல் வெளியிட்டது அது. இந்தியாவின் முதல் ஏ.டி.எம். மும்பையில் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். பின்னர் இரு நிறுவனங்களும் பிரிந்தன. மைக்ரோசாஃப்ட் விண்டோஸைப் பிடித்துக்கொண்டது, ஐ.பி.எம். தனித்து ஓ.எஸ்./2ஐ வளர்த்தது. வீட்டுச் சந்தையில் அது தோற்றது. வங்கிகளோ அதன் உறுதியை நம்பி நெடுங்காலம் வைத்திருந்தன. 2006 டிசம்பர் 31 அன்று ஐ.பி.எம். அதற்கான ஆதரவை நிறுத்தியது.

அதற்குள் ஏ.டி.எம். தயாரிப்பாளர்கள் எக்ஸ்பிக்கு மாறியிருந்தனர். வண்ணப் படங்கள், பல மொழிகள், எளிதில் கிடைக்கும் பாகங்கள், அதில் பயிற்சி பெற்ற ஏராளமான பொறியாளர்கள் என்று காரணங்கள் பல. 2014இன் தொடக்கத்தில் உலகின் ஏ.டி.எம்.களில் 95 விழுக்காடு எக்ஸ்பியில் இயங்குவதாக அத்துறையினர் மதிப்பிட்டனர். ஆகவே அந்த முதியவரின் கண் பிழைபடவில்லை.

அவருக்கு நான் சொல்லாமல் விட்டது என்ன? முதலாவது, அவருடைய பணம் அந்தக் கணினியில் இல்லை. கணக்கின் இருப்பு வங்கியின் மையக் கணினியில் இருக்கிறது, ஏ.டி.எம். அதைக் கேட்டு நடக்கும் ஏவலாள் மட்டுமே. இரண்டாவது, அவர் அழுத்தும் இரகசிய எண் அந்த விசைப்பலகைக்குள்ளேயே மறைகுறியாக மாற்றப்பட்டுத்தான் வெளியேறுகிறது. விண்டோஸ் அதைத் திறந்த வடிவில் பார்ப்பதில்லை. மூன்றாவது செய்தி சற்றுக் கசப்பானது. அட்டையின் காந்தப் பட்டையிலுள்ள விவரங்களைத் திருடும் தீநிரல்கள் 2009இலேயே ரஷ்யா, உக்ரைன் நாடுகளின் ஏ.டி.எம்.களில் கண்டுபிடிக்கப்பட்டன. 2018 டிசம்பர் 31க்குள் காந்தப் பட்டை அட்டைகளைச் சிப் அட்டைகளாக மாற்றித்தர வேண்டுமென ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்ததற்கு இத்தகைய திருட்டுகளே காரணம். ‘நன்றாக இருக்கும் அட்டையை ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?’ என்று அந்நாளில் எங்களிடம் வருத்தப்பட்ட வாடிக்கையாளர்கள் பலர். வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே இதையெல்லாம் விளக்கிச் சொல்ல எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2014 ஏப்ரல் 8

எக்ஸ்பிக்குப் பின்வந்த விண்டோஸ் விஸ்டாவை மக்கள் ஏற்கவில்லை. கனமானது, மெதுவானது என்று ஒதுக்கினர். எனவே எக்ஸ்பியின் ஆயுள் நீண்டது. 2009இல் விண்டோஸ் 7 வந்த பிறகும் பலர் நகரவில்லை. இறுதியில் 2014 ஏப்ரல் 8 அன்று, பன்னிரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, ஆதரவு நிறுத்தப்பட்டது. அன்றைக்கும் உலகின் மேசைக் கணினிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று எக்ஸ்பியில் இயங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டன் அரசு, தன் அலுவலகங்களுக்கு மேலும் ஓராண்டு திருத்தங்கள் பெறுவதற்காக மட்டும் 55 லட்சம் பவுண்டு செலுத்த ஒப்பந்தம் செய்தது. காலாவதியான மென்பொருளை வைத்துக்கொள்வது சிக்கனம் என்று எண்ணுவோர் இந்தத் தொகையைக் கவனிக்கலாம்.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில், ‘புளூட்டஸ்’ என்ற தீநிரலைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. மெக்சிகோவில் முதலில் காணப்பட்டது அது. கயவர்கள் ஏ.டி.எம்.மின் மேல்பகுதியைத் திறந்து, உள்ளிருக்கும் கணினியின் யு.எஸ்.பி. துளையில் ஒரு கைபேசியை இணைத்து வைத்தனர். பிறகு எங்கிருந்தோ ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். இயந்திரம் பணத்தைக் கொட்டும். எவருடைய கணக்கிலும் கழிவு இராது. கரைவது வங்கியின் கையிருப்பு. கீழே இருக்கும் எஃகுப் பெட்டகத்தை எவரும் தொடவேயில்லை என்பதுதான் இதில் வேதனை. கோட்டை வாசலுக்கு இரும்புக் கதவு இட்டுவிட்டு, ஆணை பிறப்பிக்கும் அறையைத் தாழிடாமல் விட்ட கதையாயிற்று.

2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்து மீட்புப் பணம் கேட்ட இந்தத் தீநிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கிற்று. நம் பக்கத்துப் பாலக்காட்டிலேயே ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகள் சில பாதிக்கப்பட்டன; வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகமும் தப்பவில்லை. ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் கழிந்த எக்ஸ்பிக்கும், வழக்கத்துக்கு மாறாக, மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. ஆனால் பழியை எக்ஸ்பியின் மீதே சுமத்துவது நேர்மையாகாது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே, வந்துவிட்டது. உரியவர்கள் அதை நிறுவிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கெடுவும் பயணமும்

எக்ஸ்பியில் இயங்கும் ஏ.டி.எம்.கள் குறித்து 2017 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்திருந்தது. மாற்றம் மெதுவாக நடப்பதைக் கண்டு, 2018 ஜூன் 21 அன்று தேதிவாரியாகக் கெடு விதித்தது. யு.எஸ்.பி. துளைகளை முடக்குவது போன்ற உடனடிக் காவல்கள் 2018 ஆகஸ்டுக்குள். ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாறுவது படிப்படியாக: குறைந்தது 25 விழுக்காடு இயந்திரங்கள் 2018 செப்டம்பருக்குள், 50 விழுக்காடு டிசம்பருக்குள், 75 விழுக்காடு 2019 மார்ச்சுக்குள், எல்லாம் 2019 ஜூனுக்குள். அனுமதிப் பட்டியலில் உள்ள மென்பொருள்கள் மட்டுமே இயங்கலாம் என்ற ஏற்பாடும் அந்த மார்ச்சுக்குள் நிறைவேற வேண்டும். கிளையில் மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போகாத காசோலையைத் திருப்பிவிடுகிறோம் அல்லவா, அதுபோல.

காகிதத்தில் இது எளிது. நாட்டிலிருந்த ஏ.டி.எம்.களோ 2 லட்சத்துக்கும் மேல். பல இயந்திரங்களில் பழைய கணினி புதிய இயங்குதளத்தைத் தாங்காது. உட்பாகத்தையே மாற்ற வேண்டும். அதற்கு ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் ஆள் நேரில் போயாக வேண்டும். இதே ஆட்கள்தாம் 2016 நவம்பர் 8க்குப் பிறகு ஊர் ஊராக அலைந்து, 66 மில்லிமீட்டர் அகலமுள்ள புதிய தாள்களுக்கு ஏற்றவாறு பணப்பெட்டிகளைச் சீரமைத்தவர்கள். பழைய 500 ரூபாய்த் தாளின் அகலம் 73 மில்லிமீட்டர். ஏழு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காக அன்று எத்தனை இரவுகள் உறக்கம் இழந்தோம் என்பது வங்கி ஊழியர்களுக்குத் தெரியும். செலவுச் சுமை தாங்காமல் நாட்டின் பாதி ஏ.டி.எம்.கள் மூடப்படலாம் என்று 2018 இறுதியில் அத்துறையின் கூட்டமைப்பு எச்சரித்தது. மலையோரத்து ஊர்களில் அந்தச் செய்தி உண்டாக்கிய கலக்கம் சிறிதன்று. நகரத்தில் ஒரு ஏ.டி.எம். மூடினால் அடுத்த தெருவுக்குப் போகலாம். இங்கே மூடினால், கூலியை எடுக்க ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேற வேண்டும்.

எங்கள் இயந்திரத்துக்கான நாள் 2019 மே மாதத்தில் வந்தது. கோவையிலிருந்து முப்பது கிலோமீட்டர் இருசக்கர வண்டியில், பாகங்கள் அடங்கிய பையை முன்னால் வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். வழியில் யானைகள் சாலையைக் கடப்பதற்காக அரை மணி நேரம் நிற்க நேர்ந்ததாம். மேல்பகுதியைத் திறந்தார், பழைய கணினியைக் கழற்றினார், விசிறியில் ஒட்டியிருந்த தூசியையும் ஒரு பல்லியின் எலும்புக்கூட்டையும் தட்டிவிட்டார். புதியதைப் பொருத்தி, மையக் கணினியோடு பேசவைத்து, சோதனைக்காக ஒரு நூறு ரூபாய்த் தாளை வரவழைக்கும்போது பிற்பகல் மூன்று மணி. வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. ‘காலையிலிருந்து மிஷின் வேலை செய்யவில்லை’ என்ற முறையீடு மட்டும் பதிவேட்டில் இருக்கிறது. அது உண்மையுங்கூட.

எந்த இயங்குதளத்துக்கு மாற்றினோம் என்பதில்தான் ஒரு வேடிக்கை. அந்நாளில் விண்டோஸ் 7க்கு மாறிய நிறுவனங்கள் பல. அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டது. கெடு முடிந்து ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை. கூடுதல் கட்டணம் செலுத்தித் திருத்தங்களைப் பெற்றவர்களும் உண்டு. நேரே விண்டோஸ் 10இன் நீண்டகாலப் பதிப்புக்குத் தாவியவர்களும் உண்டு. 2018இல் வெளியான அந்தப் பதிப்புக்கு 2029 ஜனவரி வரை ஆயுள்.

இயந்திரத்தின் மேல்பகுதியை மட்டும் காத்தால் போதாது என்பதையும் அந்தக் காலமே காட்டிற்று. 2018 ஆகஸ்டில் புனேயைச் சேர்ந்த ஒரு கூட்டுறவு வங்கி சுமார் 94 கோடி ரூபாயை இழந்தது. அங்கே கயவர்கள் ஏ.டி.எம்.களைத் திறக்கவில்லை, அவற்றுக்கு விடைசொல்லும் மையக் கட்டமைப்பிலேயே புகுந்துவிட்டனர்.

இனி, தங்கள் வீட்டுக் கணினி. வீடுகளில் பரவலாகப் பயன்படும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அந்தக் கணினியில்தான் தாங்கள் இணையவழிப் பரிமாற்றம் செய்கிறீர்கள் என்றால், அது எந்தப் பதிப்பு, திருத்தங்கள் வருகின்றனவா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.டி.எம்.முக்கு இருப்பதுபோல் அதற்கு அனுமதிப் பட்டியலோ தனி விசைப்பலகையோ கிடையாது. தாங்கள் அழுத்தும் கடவுச்சொல் அந்த இயங்குதளத்தின் வழியாகவே போகிறது.

அந்த முதியவரை மாறுதலாகிப் போகும் முன்பு மீண்டும் சந்தித்தேன். வாழ்நாள் சான்று கொடுக்க வந்திருந்தார். பேரன் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். அந்தப் பழைய கணினி என்னாயிற்று என்று கேட்டேன்.

“ஊட்லதானுங் தம்பி கெடக்குது. நேந்திரன் வாழைக் கணக்கு அதுலதான் எழுதறனுங்க. பொழுதுபோகலீனா பழைய பாட்டுக் கேக்கறதுங்க.”

“இன்டர்நெட் இருக்குதுங்களாய்யா அதுல?”

“அதெல்லாம் பேரன் போறப்பவே புடுங்கீட்டானுங்க.”

அப்படியானால் ஒன்றும் மாற்ற வேண்டாம், பாட்டுக் கேளுங்கள் என்றேன். இயந்திரம் அன்று சரியாக வேலை செய்ததால், பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு மூன்று மணிப் பேருந்துக்கு நடந்தார்.